சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் காலம்: நம்பிக்கை தளராமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நல்லதையே நினையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து இதை எத்தனை பேர் சொல்வார்கள் என்பதற்குக் கணக்கே இருக்காது. சொல்பவர்கள் மீது கோபப்பட முடியாது. வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவர் அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

என் மனைவி சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த காலத்தில், அவள் மனம் சரிந்த நாட்களைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று எங்களுக்குப் புரியாமல் இருந்த நாட்களாகவே அவை இருந்தன. பட்டியல் ஏன் நகரவில்லை, டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார், அந்தப் பரிசோதனை எதற்கு என்று தெரியாதபோது கற்பனை தன் பாட்டுக்கு ஓடும். விஷயம் புரிந்து, கையில் ஒரு வேலையும் இருந்தால் அந்த நாள் எப்படியோ கழிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் மனத்தைத் தேற்றும் வார்த்தைகளைவிடச் செய்ய வேண்டிய வேலைகளே அதிகம். தமிழ்நாட்டில், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்திருப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். கல்லீரலுக்கும் இதயத்துக்கும் காத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். இங்கே வரும் மருத்துவ அளவுகள் பொதுவானவை. உங்களுக்கு உரிய அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: பட்டியல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உறுப்பு மாற்றுக்கான மத்திய அரசின் சட்டம் 1994-இல் வந்தது, 2011-இல் திருத்தப்பட்டது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2008-இல் ஒழுங்குக்கு வந்தது. இப்போது அதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், அதாவது மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்லும் 'டிரான்ஸ்டான்', நடத்துகிறது. நீங்கள் நேராகப் போய் அங்கே பெயர் கொடுக்க முடியாது. உறுப்பு மாற்று உரிமம் உள்ள மருத்துவமனை ஒன்றுதான் உங்களைப் பரிசோதித்துப் பதிவு செய்யும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் சிறுநீரக மாற்று நடக்கிறது என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. 65 வயது தாண்டியவர்களும் பதிவு செய்யலாம் என்று 2023-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது. மருத்துவ ரீதியாக உடல் தாங்குமா என்பதுதான் கேள்வி.

பதிவானதும் ஓர் எண் கிடைக்கும். பலருக்கும் சோதனை அங்கேதான் தொடங்குகிறது. ரேஷன் கடை வரிசைபோல, முன்னால் நிற்பவர் நகர்ந்தால் நாமும் ஓர் அடி நகர்வோம் என்று நினைத்துக்கொள்கிறோம். சிறுநீரகப் பட்டியல் அப்படி நகர்வதில்லை. முதலில் இரத்த வகை பார்க்கப்படும். உறுப்பு எந்த மருத்துவமனையில் கிடைத்தது, அது அரசு மருத்துவமனையா தனியாரா என்பதைப் பொறுத்து யாருக்கு முதலில் கேட்க வேண்டும் என்ற முறை இருக்கிறது. பிறகு மூப்பு, அதாவது யார் முதலில் பதிவு செய்தார் என்பது. கடைசியில், கொடுப்பவர், பெறுபவர் இருவரின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் 'கிராஸ் மேட்ச்' பரிசோதனை. இத்தனைக்கும் பிறகுதான் சிறுநீரகம் ஒருவருக்குப் போகிறது. உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்கு முன்னதாகக் கிடைத்தது என்றால் ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். காரணம் இரத்த வகையாக இருக்கலாம், கிராஸ் மேட்ச் ஆகவும் இருக்கலாம்.

'ஓ' வகை இரத்தம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஓ' வகைச் சிறுநீரகத்தை யாருக்கும் பொருத்த முடியும்; ஆனால் 'ஓ' வகையினர் சாதாரணமாக இன்னொரு 'ஓ' வகையினரிடமிருந்து மட்டுமே பெற முடியும். அவர்கள் காத்திருப்பு நீள்வதற்கு இது ஒரு காரணம்.

அடுத்த முறை மருத்துவமனை போகும்போது உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் இரத்த வகையில் இந்த மருத்துவமனையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? கடந்த ஓர் ஆண்டில் அந்த வகையில் இங்கே எத்தனை பேருக்கு மாற்று நடந்தது? என் பெயர் இப்போது செயலில் இருக்கிறதா? முதல் இரண்டு விடைகளும் சில சமயம் வலிக்கும். என் மனைவிக்கு வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு செல்பேசி அடிக்கும்போதெல்லாம் அவள் திடுக்கிடுவது நின்றது. வாரா வாரம் எண்ணை விசாரிப்பதையும் விட்டுவிட்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கேட்டால் போதும்.

படி 2: உங்கள் பெயரைச் செயலில் வைத்திருங்கள்

மூன்றாவது கேள்வியை ஏன் கேட்கச் சொன்னேன் என்றால், பட்டியலில் இருப்பது வேறு, செயலில் இருப்பது வேறு. காய்ச்சல், நெஞ்சுச் சளி, காலில் ஆறாத புண் என்று ஏதாவது வந்தால் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். குணமான பிறகு மறுபடி செயலுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டியது பெரும்பாலும் நம் பொறுப்பு. நிறுத்தியதையே அறியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

இருதய எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே போன்ற பரிசோதனைகளுக்குக் காலாவதி உண்டு. மருத்துவமனை கேட்கும் இடைவெளியில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லில் ஒளிந்திருக்கும் கிருமி, மாற்றுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும்போது தலைதூக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இரட்டிப்பு அளவில் போடுவது வழக்கம். எல்லாத் தவணையும் முடிந்ததா, உடலில் எதிர்ப்பு உண்டானதா என்பதை இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் ஏற்றுவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றிவிடலாம் என்பது நம் ஊரில் சர்வ சாதாரணமான யோசனை. மாற்றுக்குக் காத்திருப்பவருக்கு ஒவ்வோர் இரத்தமேற்றமும் பிறர் திசுக்களைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களை உடலில் உண்டாக்கக்கூடும்; அப்புறம் கிராஸ் மேட்ச் பொருந்துவது கடினமாகும். இரும்புச் சத்து ஊசியும், இரத்தம் ஊற உதவும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும் தவறாமல் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் இரத்தம் ஏற்றும் நிலை வராது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்போது, "இவர் மாற்றுப் பட்டியலில் இருக்கிறார்" என்பதை வீட்டார் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காசு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். சிறுநீரக மாற்றும் அதில் அடங்கும். அட்டையில் நோயாளியின் பெயர், ஆதார் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தத் தாலுகா அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைவதற்கு, அழைப்பு வந்த இரவில் நேரம் இருக்காது.

படி 3: அழைப்பு வரும் இரவுக்கு இன்றே தயாராகுங்கள்

ஒரு துணிப்பை போதும். அதில் மருத்துவக் கோப்பின் நகல், கடைசி இரத்தப் பரிசோதனை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், காப்பீட்டு அட்டை, இருவரின் ஆதார் நகல், இரண்டு செட் துணி, செல்பேசி சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். எங்கள் வீட்டில் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கிப் பழைய அறிக்கைகளை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது மகளின் பொறுப்பு. "அம்மா பை" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

மூன்று செல்பேசி எண்களாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும், அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் நல்லது. எண் மாறினால் அன்றே சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காத பழக்கம் உள்ளவர்கள் இந்தக் காலத்துக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள். இரவில் செல்பேசியை ஒலியில்லாமல் வைக்காதீர்கள்.

அழைப்பு வந்தால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: எத்தனை மணிக்குள் வர வேண்டும், எந்த வாசலில் யாரைப் பார்க்க வேண்டும், சாப்பிடலாமா, காலை மருந்துகளைப் போடலாமா. அவர்கள் சொல்லும்வரை தண்ணீர்கூட வேண்டாம். கடைசியாக டயாலிசிஸ் செய்தது எப்போது, அன்று எடை என்ன என்பதை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அந்த வாரத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புது மருந்து எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வாய்ப்புப் போய்விடுமே என்று மறைத்தால் மாற்றுக்குப் பின் உயிருக்கே உலை வைக்கும்.

வண்டியைப் பறக்கவிட வேண்டாம். எடுத்த இதயத்தை நான்கு மணி நேர அளவில் பொருத்திவிட வேண்டும். கல்லீரலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி. சிறுநீரகம் முறையாகக் குளிரில் வைக்கப்பட்டால் ஒரு நாள்வரை தாங்கும். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ நிதானமாக வந்து சேர நேரம் இருக்கிறது. ஓட்டுபவர் பதறாதவராக இருக்கட்டும்.

படி 4: போய், வெறுங்கையோடு திரும்பும் நாளுக்கும் தயாராகுங்கள்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிராஸ் மேட்ச் முடிவு வர மணிக்கணக்கில் ஆகும். ஒருவருக்குப் பொருந்தாவிட்டால் இன்னொருவரைத் தேடி அழைத்து வர நேரம் இருக்காது என்பதால், ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அழைப்பது வழக்கம். ஆகவே அழைக்கப்பட்டவர்களில் சிலர் வீடு திரும்பித்தான் ஆக வேண்டும். ஏற்பாடே அப்படி. அதில் உங்கள் உடலின் குற்றமோ உங்கள் ராசியின் குற்றமோ எதுவும் கிடையாது.

எங்களை ஒரு முறை நள்ளிரவில் அழைத்தார்கள். இரத்தம் எடுத்துவிட்டு வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். எதிர் பெஞ்சில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பையனுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். இடது முழங்கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம், புடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சிறுநீரகத்துக்காக வந்திருக்கிறோம் என்பது தெரியும். ஒருவரும் அதைப் பேசவில்லை. பையனின் அம்மா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் மகளிடம் நீட்டினார். விடியும்போது ஒருங்கிணைப்பாளர் வந்து முதலில் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் மனைவி எழுந்து போய் அந்தப் பையனின் தோளைத் தொட்டு, "நல்லபடியாக முடியும் தம்பி" என்றாள். பஸ்ஸில் ஏறிய பிறகு ஊர் வரும்வரை பேசவில்லை.

அந்த மாதிரி நாளில் என்ன செய்வது? மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கிராஸ் மேட்ச் பொருந்தவில்லையா, உறுப்பே சரியில்லையா, மூப்பில் முன்னிருந்தவருக்குப் போனதா. காரணம் தெரியாமல் திரும்பினால் ராத்திரியெல்லாம் மனம் அதையே கிளறும். அடுத்து, தவறிய டயாலிசிஸ் எப்போது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உறவினர்களிடம் தகவல் சொல்லும் பொறுப்பை ஒரே ஆளிடம் ஒப்படையுங்கள். நோயாளியே இருபது பேருக்கு அதைச் சொல்லும் கொடுமை வேண்டாம். இரண்டு மூன்று நாள் அழுகையோ எரிச்சலோ வந்தால் வரட்டும். எங்களிடம் அந்த ஒருங்கிணைப்பாளர் சொன்னது ஒன்று உதவியது: அழைப்பு வருகிறது என்றாலே உங்கள் முறை நெருங்கிவிட்டது என்று பொருள். பையை மறுபடி ஆணியில் மாட்டினோம்.

படி 5: சாதாரண நாட்களைக் கவனியுங்கள்

அழைப்பு ஓர் இரவு வந்து போகும். அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான நாட்களில் உடலை எப்படி வைத்திருக்கிறோமோ அதை வைத்துத்தான் அறுவை மேசையில் கணக்குப் பார்ப்பார்கள்.

முதலில் தண்ணீர். பொதுவாக, முந்தைய நாள் பிரிந்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்று சொல்வார்கள். இதில் காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் சேர்த்தி. காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிடுங்கள். வேறு எது குடித்தாலும் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்தவர் அதட்ட வேண்டியதில்லை. வீட்டிலேயே பெரிய டம்ளரை மாற்றிச் சின்ன டம்ளர் வைத்தது எங்களுக்கு ஆச்சரியமாக வேலை செய்தது. நாக்கு வறண்டால் ஒரு சின்ன ஐஸ் கட்டி. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறாமல் இருந்தால் இதயத்துக்கு நல்லது; மாற்றுக்குத் தகுதியைத் தீர்மானிப்பதில் இதயம்தான் பெரிய வாக்கு.

தாகத்தின் ஆணிவேர் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் ஆகியவற்றை விட்டாலே பாதித் தாகம் போய்விடும். "இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது" என்று செல்பேசியில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அதைவிட ஆபத்து, கடையில் 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பு. சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பொட்டாசியம். டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது.

அந்தப் பொட்டாசியம்தான் இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கிறது. நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் கையில் இந்த இரண்டும் இல்லாமல் வருவதே இல்லை! வாங்கி வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். காய்கறியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். நட்சத்திரப் பழம் வேண்டவே வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. கிரியாட்டினினைக் குறைப்பதாகச் சொல்லும் சூரணங்களையும் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைகளையும் சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

ஃபிஸ்டுலா உள்ள கையைத் தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள். பூனை உறுமுவது போன்ற அதிர்வு விரலில் படும். படவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் விடாதீர்கள். இறுக்கமான வளையலும் கடிகாரமும் வேண்டாம், அந்தப் பக்கம் படுத்துத் தூங்கவும் வேண்டாம். டயாலிசிஸ் இல்லாத நாளில் அரை மணி நடை. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு தருகிறார்கள். ஊர் விட்டு ஊர் போய்ப் படுத்து வரும் பாடு அதில் இல்லை என்பதால் உங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நேர்த்திக்கடன் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். விரதம், நீர்கூட அருந்தாத உபவாசம், கோயிலில் கொடுக்கும் தீர்த்தமும் பானகமும் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகு. வீட்டில் வேறொருவர் அந்த விரதத்தை ஏற்றுக்கொள்ளலாம். என் அம்மா மருமகளுக்காகச் சமயபுரத்துக்கு அப்படித்தான் இருந்தார்.

படி 6: "யாரோ சாக வேண்டும் என்றா வேண்டிக்கொள்கிறோம்?"

காத்திருப்பவர்களில் இந்தக் கேள்வி வராதவர் குறைவு. வெளியே சொல்ல மாட்டார்கள். மழைக்கால விபத்துச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒரு நொடி தோன்றும் எண்ணம், அடுத்த நொடி தன் மீதே வரும் அருவருப்பு.

நீங்கள் நினைப்பதாலோ நினைக்காமலிருப்பதாலோ ஒரு விபத்தும் நடப்பதில்லை. மூளைச்சாவு என்பதும் யாரோ ஒருவர் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவது கிடையாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உறுப்பைப் பொருத்தப் போகிற மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மரணம் நடந்து முடிந்த பிறகு ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுக்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்தைப் போலீஸார் ஒதுக்கி வழிவிட, அவன் இதயம் இன்னொரு மருத்துவமனையில் இருந்த ஒரு சிறுமிக்குப் போனது. தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை வீட்டுப் பேச்சாக மாறியது அதற்குப் பிறகுதான். 2023 செப்டம்பர் முதல், உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. கிராமத்துத் தெருவில் ஒரு கூலித் தொழிலாளியின் உடலுக்கு மாவட்ட அதிகாரி மாலை வைக்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

குற்ற உணர்வு தணியாவிட்டால் அதற்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டில் மற்றவர்கள் உறுப்புக் கொடைக்குப் பதிவு செய்யட்டும். அதைவிட முக்கியமாக, தங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வைக்கட்டும். கையெழுத்துப் போட்ட அட்டை இருந்தாலும், அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியது குடும்பம்தான்.

படி 7: வீட்டுக்குள் கொடையாளர் இருக்கிறாரா என்று பேசுவது

மிகவும் சங்கடமான பேச்சு இது. சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவினர். மற்றவர்கள் அன்பின் பேரில் கொடுப்பதாக இருந்தால் அதற்கான அங்கீகாரக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோயாளி நேராக ஒருவரைப் பார்த்து, "நீ தருவாயா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்ல அவருக்கு வழியே இருக்காது. மருத்துவர் விளக்கும் நாளில் வீட்டார் எல்லோரையும் அழைத்துப் போங்கள். அவர் பொதுவாகச் சொல்லட்டும். முன்வருபவர் முன்வரட்டும். கொடுக்க மனமில்லாதவர் மருத்துவரிடம் தனியாகச் சொன்னால், காரணத்தை வெளியிடாமல் "பொருந்தவில்லை" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்கள் உண்டு, அவரைத் துருவாதீர்கள். நம் நாட்டில் உயிரோடிருக்கும்போது உறுப்பைக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மா, மனைவி, அக்கா என்று பேச்சு தானாக அந்தப் பக்கம் போகும். அண்ணன் தம்பிகளையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள்.

எனக்கும் என் மனைவிக்கும் இரத்த வகை பொருந்தவில்லை. அப்படிப்பட்ட இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011 திருத்தம் வழி செய்திருக்கிறது. இரத்த வகை பொருந்தாமலே சிறப்புச் சிகிச்சையோடு மாற்றுச் செய்யும் மருத்துவமனைகளும் உள்ளன, செலவு கூடும்.

பணத்துக்கு வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரிடம் பேச்சே வேண்டாம். 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். வாங்குபவரும் தப்ப முடியாது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியின் விசைத்தறித் தொழிலாளர்களிடம், அவர்கள் கடனைக் காட்டிச் சிறுநீரகம் பறித்த செய்தி மாநிலத்தையே உலுக்கியது. உங்கள் அவசரத்தை வைத்துப் பிழைக்கும் ஆள், இன்னொரு வீட்டின் வறுமையை வைத்தும் பிழைக்கிறான்.

படி 8: மனம் உடையும்போது

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணம். தூக்கமின்மை, உடல் அரிப்பு, கால் பரபரப்பு எல்லாம் சேர்ந்து அதை இன்னும் கூட்டும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. பாஸ்பரஸ் குறைந்தாலே அரிப்புத் தணிவது உண்டு. வாய் திறந்து கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, டயாலிசிஸுக்கு வர மறுப்பது, "யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம்" என்ற பேச்சு, இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

கூட இருப்பவரும் களைத்துப் போவார். நான் களைத்தேன். வாரத்தில் ஒரு டயாலிசிஸ் நாளை மைத்துனர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் நான் மறுபடி மனிதனானேன். யாராவது, "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிவிடுங்கள்: வியாழக்கிழமை அழைத்துப் போய் வாருங்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள்.

மாற்று முடிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஒருங்கிணைப்பாளர் ஏற்பாடு செய்வார். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தினமும் குறித்த நேரத்தில் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரை, முதல் சில மாதம் முகக்கவசம், அடிக்கடி இரத்தப் பரிசோதனை, வெளிச் சாப்பாட்டில் எச்சரிக்கை என்று அவர் தன் நாளைச் சொல்லும்போது, மாற்று என்பது நோயே இல்லாத பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது என்ற எண்ணம் கலையும். புதிய சிறுநீரகம் உடனே வேலை செய்யாமல் சில நாள் டயாலிசிஸ் தொடர்வதும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு காத்திருந்தால் பிறகு ஏமாற்றம் இருக்காது. அதே மனிதர் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பதையும் பார்ப்பீர்கள். 1954-இல் பாஸ்டனில் இரட்டையர்களுக்குள் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றும், 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்ததும் ஒரு காலத்தில் அதிசயம். இன்று மாற்று உறுப்போடு வாழ்பவர்களுக்கென்று 1978 முதல் உலக விளையாட்டுப் போட்டியே நடக்கிறது.

படி 9: "உங்களுக்கு மாற்று சரிவராது" என்று சொன்னால்

சிலருக்கு இந்த வார்த்தை வரும். இதயம் தாங்காது, புற்றுநோய் இருந்தது, கிருமித் தொற்று அடங்கவில்லை என்று காரணம் பலவாக இருக்கலாம். அன்றே முடிவு கட்டாமல் நான்கு விஷயம் கேளுங்கள். எது தடை? அது தற்காலிகமா, நிரந்தரமா? எந்த அளவு எங்கே வந்தால் மறுபடி பரிசீலிப்பீர்கள்? என் கோப்பை வேறொரு மருத்துவமனையில் காட்ட ஒரு சுருக்கம் தருவீர்களா? இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவருக்கு அவமரியாதை ஆகாது. பெரும்பாலோர் அவர்களே எழுதித் தருவார்கள். புற்றுநோய் குணமாகி மருத்துவர்கள் குறிப்பிடும் ஆண்டுகள் கடந்த பின் பட்டியலுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, இதயம் தேறியபின் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு.

நிரந்தரம் என்றே இரண்டு மருத்துவர்களும் சொல்லிவிட்டால், அடுத்த பேச்சு டயாலிசிஸை எப்படி நல்லபடியாக நடத்துவது என்பதைப் பற்றி இருக்கட்டும்: வாரம் இரண்டு என்பதை மூன்றாக்க முடியுமா, நேரத்தைக் கூட்டினால் உடல் இலகுவாகுமா, வேலைக்கோ வயலுக்கோ போகும்படி காலை நேரம் கிடைக்குமா. அந்த மாதத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். காலை நேரப் படுக்கைகள்தான் எந்த டயாலிசிஸ் மையத்திலும் முதலில் நிரம்புகின்றன.